மாடிக்கு விட்ட கம்பி

கொத்தனாருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. வலையை எந்தப் பக்கம் பிடித்து உதறுவது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் படகுத்துறையில் காலையில் எல்லோரும் முதலில் தேடுவது அவரைத்தான். ஏரிக்கு அடியில் கிடக்கிற வீடுகளில் பாதி அவர் கட்டியவை.

ஏரி ஏறத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் வாசல்படி, அடுத்த வருஷம் ஜன்னல். மழை விட்டால் தானாக இறங்கிவிடும் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஏரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரையோரத் தெரு மூன்றும் மொட்டைமாடியோடு முழுகி, அதற்கு மேலும் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. மீன் முட்டையிடுகிற நாணல் திட்டுகள் ஆழத்துக்குள் போய்விட்டன. பழைய இடங்களில் வலை போட்டால் போட்ட வலைதான் திரும்பி வந்தது. மீனெல்லாம் வீடு மாறிவிட்ட விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. முழுகிய தெருக்களில், சுவர்ப் பாசியை மேய்ந்துகொண்டு, அறை அறையாகக் குடியிருந்தது.

"வாடகைக்கு ஆள் வரலன்னு ஹெட்மாஸ்டர் புலம்புவாரே, இப்போ வந்து பாக்கச் சொல்லுங்க. ஹால் பூரா கெளுத்தி" என்று துறையில் ஒருவன் சொல்லிச் சிரித்தான். சிரித்தவன் வீடும் உள்ளேதான் கிடந்தது.

ஆனால் அந்த மீனைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தத் தெருக்களில் யாரும் வீட்டை முழுசாகக் கட்டி முடித்ததில்லை. கீழ்த்தளம் எழும்பியதும் கையிருப்பு கரைந்துவிடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, மேலே மாடி எடுக்கத் தோதாகத் தூண் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேல் நீட்டி விட்டுவைப்பார்கள். "இன்னும் ரெண்டு சாண் கூட விடுங்க கொத்தனாரே" என்று கேட்காத வீட்டுக்காரர் கிடையாது. அவரும் விட்டார். அந்தக் கம்பிகள்தான் இப்போது வலைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு கிழித்தன.

அவர் மனைவியின் தம்பி மீன்காரன். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் ஊருக்கெல்லாம் நெட்டையன். தாயில்லாத பிள்ளை. அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இருந்த மூன்று வலையில் இரண்டு கிழிந்துபோய் மூன்றாவதும் நைந்த நிலையில் ஒருநாள் வந்து நின்றான்.

"மாமா, நீங்க விட்ட கம்பி. நீங்கதான் அறுத்துக் குடுக்கணும்."

அப்படித்தான் ஐம்பது வயதில் கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தார். படகில் உட்கார்ந்து, கண்ணால் ஒரு கணக்குப் போட்டு, "கொஞ்சம் இடது பக்கம் தள்ளு. டெய்லர் வீட்டுத் தண்ணித்தொட்டி இங்கதான்" என்பார். இடுப்பில் கயிற்றோடு குதித்தால் சரியாகத் தொட்டியின் மேல் கால் ஊன்றும். ஒரு கம்பிக்கு ஏழெட்டு முங்கல். மூச்சு முட்டி மேலே வந்து படகைப் பிடித்துத் தொங்கும்போது, "மாமா, இதுக்குப் பேசாம மாடியே கட்டியிருக்கலாம்" என்பான் நெட்டையன்.

வீட்டுக்காரர்களைக் கேட்காமல் ஒரு கம்பியையும் அவர் தொட்டதில்லை. மேட்டுப்பகுதியில் வாடகை அறைகளில் சிதறிக் கிடந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டார். சிலர் சரி என்றார்கள். சிலர் அழுதுவிட்டுச் சரி என்றார்கள். டெய்லர் மட்டும், "தண்ணி வத்தினா நீங்களே வெல்டிங் வெச்சுத் தரணும்" என்றார். அதற்கும் தலையாட்டினார்.

சரி என்று சொல்லாத ஆள் அவர் வீட்டிலேயே இருந்தாள்.

டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். பெட்டிக்கு அடியில் மாடிக்குப் போட்ட பிளான் காகிதத்தை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். மாடி மகளுக்கு. வேறு ஊரில் புருஷனோடு வாடகைக்கு இருக்கிற மகள், பிள்ளைகளோடு ஒருநாள் வந்துவிடுவாள் என்றுதான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த வீட்டைக் கட்டினார்கள்.

"ஊரான் கம்பியெல்லாம் அறுங்க. நம்ம வீட்டுக் கம்பியில மட்டும் கை வைக்காதீங்க. அதையும் அறுத்துட்டா அப்புறம் எதுக்காக இந்த ரூம்ல கெடக்கறேன் நான்?"

தண்ணீர் வற்றாது என்று அவளிடம் சொல்கிற தைரியம் கொத்தனாருக்கு இல்லை. தன் வீட்டுக்கு மேல் ஒரு வெள்ளைக் கேனை மிதக்கவிட்டு, "அந்தப் பக்கம் மட்டும் வராதே" என்று மைத்துனனிடம் சொல்லிவைத்தார். அவனும் அக்காவின் ஆசைக்குக் கட்டுப்பட்டு விலகித்தான் போனான்.

காற்று யாருக்குக் கட்டுப்படும்? கொத்தனார் ஒரு பூச்சு வேலைக்குப் போயிருந்த காலையில் அடித்த காற்று, வலையை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. இருந்தது அந்த ஒரே வலை. விட மனசில்லாமல் நெட்டையன் தனியாகக் குதித்திருக்கிறான். வெறும் படகு மிதப்பதைப் பார்த்துத்தான் ஆட்கள் ஓடிவந்து கூப்பிட்டார்கள். கையில் சிமெண்டோடு போய்க் குதித்தவர், கம்பிக்கும் வலைக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தவனை, வலையை அறுத்து மேலே கொண்டுவந்தார்.

செத்த தம்பிக்காக அவள் அழுது ஓய்ந்து, மூன்றாம் நாள்தான் கேட்டாள்.

"எந்த வீடு?"

"போட்டோ ஸ்டுடியோக்காரர் வீடு" என்றார். அந்த மனிதர் குடும்பத்தோடு எங்கோ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. எப்படி அந்தப் பேச்சு வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அவங்கதான் கம்பிய அறுக்கக் கூடாதுன்னாங்களா?"

"ஆமா."

ஒரு ரகசியத்தையும் ஒரு பொழுது தாண்ட விடாத படகுத்துறை, இந்த ஒன்றை மட்டும் மென்று விழுங்கிக்கொண்டது. பதினொரு நாள் முங்கி முங்கித் தன் வீட்டுக் கம்பி முப்பத்தாறையும் கொத்தனார் அறுத்துப்போட்டார். கூட ஆள் வேண்டாம் என்றுவிட்டார். கடைசிக் கம்பியை அறுத்துவிட்டு, அங்கேயே தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதாம். மனைவி தனியாக இருப்பாளே என்று மேலே வந்தார்.

அவள் சாபத்துக்கு மட்டும் ஓய்வே இல்லை. அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"என் தம்பிய விழுங்கின வீடு. அந்தக் குடும்பம் விளங்குமா?"

"விடு. அப்படியெல்லாம் சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது? தண்ணிக்குள்ள போன வீட்டுக்கு மாடி கேக்குதாம். யாருக்காக கம்பிய காப்பாத்தினாங்க, பெத்த பிள்ளைக்குத்தானே? நான் சொல்றேன், அந்தப் பிள்ளை அந்த வீட்டுல ஒருநாள்கூட வாழாது. பாத்துக்கிட்டே இருங்க."

கொத்தனார் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார்.

"ஆமா" என்றார். "வாழாது."