சைக்கிள் ஒயர்

பேகம்பூர் அப்துல் சுக்கூருக்குப் பழைய கார்களைப் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. 1958இல் ஒரு நாள் காலையில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற வாடகைக் காரைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் தாடிக்கொம்பு சாலையில் அது ஒரு பெண்ணை அடித்துக் கொன்றிருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் குறையவில்லை என்று டிரைவர் சோலைமலை அழுதான். யாரும் நம்பவில்லை.

"பாய், நீங்க சொன்னாத்தான் நம்புவாக" என்றாள் அவன் மனைவி மூக்காயி.

"குடிச்சிருப்பான். அதைப் போயிக் கார்ல தேடுறீராக்கும்?" என்று ஏட்டு சிரித்தார்.

சுக்கூர் இஞ்சினைக் கிளப்பினார். யாரும் மிதிக்காமலே அது இரைந்தது. கார்ப்புரேட்டரிலிருந்து ஆக்ஸிலேட்டர் ஒயரைக் கழற்றியதும் அடங்கியது. ஒயரை உருவிப் பார்த்தார். ஒரு இழை அறுந்து, கொக்கிபோல் வளைந்து, உறைக்குள் மாட்டியிருந்திருக்கிறது. அது சைக்கிள் பிரேக் ஒயர். மதுரையிலிருந்து புதுசு வரும்வரை ஓடட்டும் என்று போன மாதம் அவரே போட்டது. பிறகு மறந்துபோனார்.

அதைச் சுருட்டிப் பைக்குள் போட ஒரு கணம் கை போனது. மூக்காயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் காலை எடுத்துட்டான்யா. ஒயர்தான் விடல. போட்டது நான்."

கும்பிட எடுத்த மூக்காயியின் கை பாதியில் நின்றது. ஏட்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"உம்ம தகப்பன் பேரு?"