எட்டாம் நம்பர் மெஷின்

தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிப்பதுதான் தங்கைக்குத் தொழிற்சாலையில் வேலை. அதே கூடத்தில் அக்கா காலர் தைப்பவள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு வந்த தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு மனசு ஆறாது.

"நான்தான் ஏழாவதோட மூட்டை கட்டிட்டேன். நீயும் ஏண்டி இங்க வந்து உக்காந்திருக்க?"

தையல் மெஷின் பழுதுபார்க்கும் பயிற்சி வகுப்பு இருக்கிறதென்று கேள்விப்பட்டதும், அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். காலை ஷிப்ட் முடிந்து, பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. பதினான்கு மாதம். காய்ச்சலடித்த அன்றும் தங்கை போனாள்.

சான்றிதழோடு மெக்கானிக் வேலை கேட்டு நின்றவளை மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டாம் நம்பர் மெஷின் ரெண்டு நாளா தையலை விட்டுவிட்டுத் தைக்குது. சாப்பாட்டு மணிக்குள்ள சரிபண்ணினா நீ மெக்கானிக். இல்லேன்னா பழைய கத்தரிதான்."

தலைமை மெக்கானிக் சிரித்தார். "அடியில நூலைப் பிடிக்கிற கொக்கியை நானே மூணு தடவை நகர்த்திப் பார்த்துட்டேன். பாத்தும்மா, விரலைக் கடிச்சிடப் போகுது!"

அக்காவுக்குக் கை ஓடவில்லை. அன்று அவள் தைத்த காலர்களில் நான்கைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

தங்கை ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. ஊசியைக் கழற்றினாள். ஊசி வந்த உறையில் பொடி எழுத்தில் இருந்த எண்ணையும், மெஷினின் தகட்டில் பொறித்திருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"சார், இது தடிமனான காம்பு உள்ள ஊசி கேக்குற மெஷின். ஸ்டோர்ல மெல்லிசு கொடுத்திருக்காங்க. ஊசி ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது, கொக்கிக்கு நூல் எட்டல."

சரியான ஊசியைப் போட்டாள். இடம் மாறிக் கிடந்த கொக்கியை அளவு பார்த்துப் பழையபடி நிறுத்தினாள். ஒரு துணித்துண்டை ஓட்டினாள். ஒரு தையல்கூடத் தவறவில்லை. மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

தலைமை மெக்கானிக் துணியை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "பன்னெண்டாம் நம்பரும் இப்படித்தான் படுத்துது. கொஞ்சம் வந்து பாரேம்மா."

"என் தங்கச்சி!" என்று அக்கா போட்ட கூச்சலில் நாற்பது மெஷின்கள் நின்றன.

தங்கை மெக்கானிக் ஆனாள்; சம்பளம் இரண்டு மடங்கானது. வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்த அம்மா இப்போது வீட்டில் இருக்கிறாள். நூல் கத்தரிக்கும் பெண்களில் ஆறு பேர் இந்த வருடம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களை நேரத்துக்கு அனுப்பச் சொல்லி மேனேஜரோடு மல்லுக்கட்டுபவள் அக்காதான்.