முட்டைக்கார அல்லாபிச்சையும் ரோட்டு ஓரமும்

பின்னால் பஸ் ஆரன் அடிக்கிறது. அல்லாபிச்சை பதிலுக்குப் பெல் அடிக்கிறார். அவருக்கு முன்னால் ரோட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. பஸ் மறுபடி அலறுகிறது. இவர் மறுபடி கிணிங் கிணிங் என்கிறார். திரும்பிப் பார்ப்பதில்லை, தாரை விட்டு இறங்குவதுமில்லை. "எதுக்கு பாய் சும்மா பெல் அடிக்கிறீக?" என்று ஒருநாள் கேட்டேன். "அவுக கூப்புடுறாகள்ல தம்பி. வாயை மூடிக்கிட்டுப் போனா மரியாதையா இருக்குமா?" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படியும் தெரியவில்லை.

நாச்சியாபுரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். சுற்றுப்பட்டி ஊர்களில் வீடு வீடாக முட்டை வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்கி, கேரியரில் கட்டிக் காரைக்குடிக் கடைகளுக்குக் கொண்டுபோவது பிழைப்பு. நான் குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு டைப்பிஸ்ட் வேலைக்குச் சைக்கிளில் போகிறவன். அதே ரோடு, அதே நேரம். பஸ் சத்தம் கேட்டதும் மண்ணில் இறங்கிவிடும் நல்ல பிள்ளை நான். அதனாலேயே அவர் மேல் எனக்கு எரிச்சல். ஒரு முட்டைக்காரருக்கு இத்தனை வீறாப்பு எதற்கு?

பஸ் டிரைவர் பூமிநாதனும் இதையேதான் கேட்பார், கொஞ்சம் காரமாக. ஜன்னலில் தலையை நீட்டி, "ஏ பாய், ரோட்டை உங்க அத்தாவா போட்டாரு?" என்று கத்துவார். அல்லாபிச்சை பொறுமையாக, "இல்லைங்களே, ஹைவேஸ்ல போட்டாக" என்று பதில் சொல்வார். பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

வீறாப்பே இல்லை, பயம்தான் என்பது பழகிய பிறகு தெரிந்தது. எங்கள் ரோட்டில் தார் ஒரு பஸ் அகலத்துக்குத்தான். இரண்டு பக்கமும் செம்மண், சரளை. தாரின் விளிம்பிலிருந்து மண்ணுக்கு நாலு விரற்கடைப் பள்ளம். வெறும் சைக்கிளே அதில் இறங்கினால் துள்ளும். முட்டைக் கூடை என்ன ஆகும்? அது மட்டுமில்லை. அவருடைய மச்சான் சாதிக் அலி ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு இறங்கினார். சக்கரம் சரளையில் வழுக்கி, பஸ் பக்கமாகவே சாய்ந்து, அதன் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். "எறங்குனவருதான் தம்பி மவுத்தாப் போனாரு" என்பார் அல்லாபிச்சை. அதைச் சொல்லும்போது மட்டும் சைக்கிளை நிறுத்திவிடுவார்.

மற்றபடி சட்டத்துக்கு இவரைப் போலப் பயப்படுகிறவரை நான் பார்த்ததில்லை. பஞ்சாயத்தில் சைக்கிள் வரி கட்டி, இந்த 1972-க்கான லைசென்ஸ் தகர வில்லையை ஜனவரியிலேயே வாங்கிச் சைக்கிளில் மாட்டிவிட்டார். சூரியன் மேற்கே சாய்ந்ததுமே மண்ணெண்ணெய் விளக்கைப் பொருத்திவிடுவார். டபுள்ஸ் போனால் கேஸ் என்று சம்சாரம் சுலைகாவைக் கேரியரில் ஏற்றுவதே இல்லை. இருவரும் சந்தைக்குப் போனால் சைக்கிள் நடுவில் உருள, புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் நடந்து போவார்கள். "அப்பறம் எதுக்கு இதைத் தள்ளிக்கிட்டு வாரீக? வீட்டுல விட்டுட்டு வரலாம்ல?" என்று அந்த அம்மாள் கேட்டால், "வில்லை வாங்கியிருக்கோம்ல!" என்று பதில் வரும்.

அவருடைய ஒரே சந்தேகம் ஓரம். இடது ஓரமாகப் போ என்கிறார்களே, அது தாருக்கு ஓரமா, ரோட்டுக்கு ஓரமா? ஏட்டையாவைக் கேட்டார். "ஓரம்னா ஓரந்தான்யா, இதுல என்ன சந்தேகம்?" என்று விரட்டினார் அவர். வாடிக்கையாக முட்டை வாங்கும் வக்கீல் குமாஸ்தா செம்மலை, "சட்டப்படி பஸ்ஸுக்கு ரோட்டுல என்ன உரிமையோ அதேதான் உமக்கும்" என்று அடித்துச் சொன்னார். அல்லாபிச்சைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆனா பெரிய வண்டி வந்தா ஒதுங்கிக்கிரணும்" என்று கூடவே ஒரு கொக்கி போட்டார் குமாஸ்தா. சிரிப்பு போய்விட்டது. பிறகு சல்லி போட வந்த ரோடு மேஸ்திரி ஒருவர், தார் வரைக்கும்தான் ரோடு, மண்ணெல்லாம் புறம்போக்கு என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. "புறம்போக்குல சைக்கிள் விட்டா அதுக்கொரு கேஸ் போடமாட்டாகளா தம்பி?" என்று காரைக்குடி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் தலை சுற்றியது.

போன ஆடியில், பயந்தது நடந்தேவிட்டது. பூமிநாதன் ஆரன் அடித்தார், இவர் பெல் அடித்தார். பஸ் வலது பக்கம் மண்ணில் இறங்கி முந்தப் பார்த்ததில் அதன் தகரம் கூடையைத் தட்டிவிட்டது. அல்லாபிச்சை விழுந்தார். முழங்கை பிய்ந்தது. செம்மண்ணெல்லாம் மஞ்சள் கரு. பஸ் போட்ட பிரேக்கில் உள்ளே ஓர் அம்மாளுக்கு நெற்றி புடைத்துவிட்டது. ஏட்டையா வந்து, "நீ நடுரோட்டுலதானே போனே?" என்றார். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். இவர் ரொம்ப யோசித்து, "தாருக்கு ஓரமாத்தாங்க போனேன். ஆனா அந்தத் தாரே நடுரோட்டுலல்ல கெடக்கு!" என்றார். பாவி மனுஷன்! ஏட்டையா பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கேஸ். சைக்கிள் ஸ்டேஷனுக்குப் போனது.

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும்? காரைக்குடிக் கடைகள் சிங்கம்புணரி வியாபாரியிடம் வாங்க ஆரம்பித்துவிட்டன. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அன்றைக்கே சைக்கிள் கைக்கு வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். சுலைகா அழுதேவிட்டார்.

"ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வாங்களேன். கோர்ட்டோட எதுக்கு மல்லுக்கு நிக்கிறீக?"

"ஆமான்னு ஒத்துக்கிட்டா நாளையிலருந்து மண்ணுல எறங்கணுமே புள்ள. ஒங்கண்ணன் எறங்குன மாதிரி."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் புத்தி சொல்லப் போகவில்லை.

லீவு போட்டுவிட்டு நானும் கோர்ட்டுக்குப் போனேன். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அல்லாபிச்சை கையைக் கட்டிக்கொண்டு, "எது ஓரம்னு அய்யா சொல்லிட்டீகன்னா ஒத்துக்கிறேங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. சாட்சிக்கு வந்திருந்த பூமிநாதனைப் பார்த்து, சைக்கிள் எங்கே போய்க்கொண்டிருந்தது என்றார்.

"தாருல, ஓரமாத்தானுங்க."

"பிறகு ஏன் இடித்தது?"

பூமிநாதன் பின்மண்டையைச் சொறிந்தார். "எறங்கிருவாருன்னு நெனச்சேங்க. எல்லாரும் எறங்கிருவாகள்ல?"

மாஜிஸ்திரேட் எதையோ எழுதினார். கேஸ் தள்ளுபடி, போகலாம் என்றார்கள். வெளியே வந்ததும் அல்லாபிச்சை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டேனா தம்பி?"

"ஜெயிச்சுட்டீக பாய்!"

"அப்ப எது ஓரம்?"

அதை யாரும் சொல்லவில்லை. "அய்யாவுக்கே தெரியலையோ?" என்றார் பரிதாபமாக. அந்தப் பரிதாபம் தனக்காகவா, மாஜிஸ்திரேட்டுக்காகவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஸ்டேஷன் வேலியோரம் சைக்கிள் துருவேறிச் சாய்ந்து கிடந்தது. வில்லை இருந்தது, விளக்கு இருந்தது, பெல்லைக் காணோம். உள்ளே போய்க் கேட்போம் என்றேன். "அய்யய்யோ, இன்னொரு கேஸா? ஆளை விடுங்க தம்பி!" என்று தள்ளிக்கொண்டு ஓடாத குறையாக வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை குன்றக்குடி தாண்டிச் சேர்ந்துகொண்டோம். கூடை நிறைய முட்டை. பின்னால் பூமிநாதனின் பஸ் வந்தது. ஆரன் கேட்டதும் பழக்கதோஷத்தில் நான் மண்ணில் இறங்கிவிட்டேன். அல்லாபிச்சை இறங்கவில்லை. அவருடைய கட்டைவிரல் பெல் இருந்த இடத்தைத் துழாவியது. வெறும் கம்பிதான் தட்டுப்பட்டது. பஸ் இன்னும் நெருங்கி மறுபடி அலறியது. காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்துக் கழுத்து நரம்பு புடைக்க அவர் வாயாலேயே கத்தினார்:

"கிணிங்! கிணிங்!"