மாடித்தோட்டத்துக்கு மூன்று மதிப்பெண்

என் மகளுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லியும் எனக்கு மனம் ஆறவில்லை. கல்பாக்கம் குடியிருப்பில், கணவர் வேலைக்குக் கிளம்பியதும் கணினி முன் உட்கார்ந்து குழந்தை வளர்ப்பு பற்றித் தமிழ் வலைப்பதிவுகளைத் தேடிப் படிப்பேன். யாரை நம்புவது என்று தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்தவள் அல்லவா, ஒரு நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டேன். குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை கொடுத்தவர்களுக்கு ஒன்பது. அதே தேடலில் வந்து நின்ற, மாடித்தோட்டம் பற்றி எழுதிய ஒரு பெண்ணுக்கு மூன்று.

பக்கத்து வீட்டு அக்கா நோட்டைப் புரட்டிச் சிரித்தார்.

"இன்னாம்மா, பரீட்ச பேப்பரா திருத்திகினு கீற? தோட்டக்காரம்மா இன்னா பாவம் பண்ணுச்சு?"

"பாதியிலே வீட்டுக் கதைக்குப் போயிடறாங்கக்கா. நான் மூடிட்டேன்."

"இன்னா கததான்னு படியேன்."

திறந்து, வாய்விட்டுப் படித்தேன். மல்லிகைக்கு மண் கலப்பதில் தொடங்கி, நடுவில் இப்படி எழுதியிருந்தார்: "என் மகள் பத்தொன்பது மாதம் வரை நடக்கவில்லை. தொட்டியருகே உட்கார்ந்து மண்ணைத் தின்பாள். நான் தினமும் அழுவேன். இப்போது அவளைப் பிடிக்க ஓடுகிறேன்."

அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அக்கா என் முதுகைத் தடவினார்.

"இப்ப எத்தினி மார்க்கு, டீச்சரம்மா?"

நோட்டைத் தேடினேன். மேசைக்கடியில் என் மகள் அதன் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிடுங்கவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.