மேல் பக்கத்து நட்டு

நட்டை வலப்பக்கம் திருப்பினால் இறுகும், இடப்பக்கம் திருப்பினால் கழலும். இந்த உலக ஞானம் எனக்கு எட்டு வயதிலேயே உண்டு. எங்கிருந்து பார்த்தால் வலப்பக்கம் என்பதுதான் தெரியாது. இந்தச் சின்னக் குறையோடு ஒரு குடும்பத்தையே மேலே அனுப்பப் பார்த்த பெருமை எனக்கு உண்டு.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கோத்தகிரிக்கு அப்பால் எங்கள் ஊரில், பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட, இடுப்பளவுச் செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. சின்னத் தோட்டக்காரர்களின் இலையை பேக்டரிக்கு ஏற்றிப் போகும் அப்பாவின் பழைய பெட்ரோல் ஜீப், பாதி நாள் வீட்டு வாசலில் சும்மா நின்றது. சித்தப்பா பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார். அம்மாவின் தங்கை, நிறைமாதச் சித்தி எங்கள் வீட்டில் இருந்தார். மாமா வேலை பார்த்த பேக்டரியும் அடிக்கடி மூடியதால் அவரும் எங்கள் வீட்டில்தான். சித்தி வந்தது பிரசவத்துக்கு. மாமா வந்தது கருத்துச் சொல்ல.

அன்று காலை அவர் கருத்துச் சொன்னது ஜீப்பின் சைலன்சர் பற்றி. அதுவும் எஞ்சினிலிருந்து வரும் பைப்பும் சேருகிற இடம் துருப்பிடித்து விட்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அப்பா ஒரு புதுக் கிளாம்பை மாட்டி, அதன் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெல்டிங் வெச்சுப்போடுங்க மச்சான். ஜென்மத்துக்கும் அசையாது."

"அசையாட்டி வேற பக்கம் ஒடையும் மாப்ள. நம்ம ரோட்டுக்குப் பைப்பு கொஞ்சம் ஆடோணும். நாளைக்கு சைலன்சர் ஓட்டையானா அத மட்டும் கழட்டோணுமல்லோ? பத்தவெச்சுட்டா அறுத்துல்ல எடுக்கோணும்?"

"கிளாம்ப நம்புனா நடுரோட்டுல கைய விரிச்சுரும்."

"முறுக்கறவன் ஒழுங்கா முறுக்குனா விரிக்காது."

விலை விழுந்த பிறகு வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இதே வழிதான். இந்த வருடம் சைலன்சர், அடுத்த வருடம் பைப் என்று துண்டு துண்டாகப் பழைய சாமானை வாங்கி மாட்டுவார்கள். கழட்ட வராத எதையும் வண்டியில் சேர்க்க மாட்டார்கள்.

பேக்டரி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சூடு ஆறுனதும் இன்னொருக்கா முறுக்கோணும்" என்று சொல்லி அப்பா சாப்பிடப் போனார். அவருக்கு அந்தச் சிரமம் எதற்கு? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நான் வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

மல்லாந்து படுத்தேன். நட்டு பைப்பின் மேல் பக்கம் இருந்தது. கையை வளைத்து மேலே கொடுத்து, எனக்குத் தெரிந்த வலப்பக்கம் திருப்பினேன். முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். பிறகு வெண்ணெய் மாதிரி வந்தது. என் கையில் இத்தனை பலமா என்று எனக்கே பயமாக இருந்தது.

வெளியே வந்தபோது சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அம்மா துணி மூட்டையோடு ஓடிவந்தார். பிடித்துக்கொண்டிருந்த மழைக்காகப் பின்பக்கத்துப் படுதாக்களை எல்லாம் இறக்கி மாமா இறுக்கிக் கட்டினார்.

"அப்பா, நானே முறுக்கிட்டனுங்க!" என்றேன்.

"செரி, ஏறு" என்றார் அப்பா. அவர் காதில் என்ன விழுந்ததோ.

குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் மஞ்சு, எதிரே எதுவும் தெரியாத பனிமூட்டம். பகலிலேயே விளக்குப் போட்டு, வைப்பர் ஓடாத கண்ணாடிக்குப் பக்கவாட்டில் தலையை வெளியே நீட்டித்தான் அப்பா ஓட்டினார். பின்னால் இருட்டில் நாங்கள் நான்கு பேர். சித்தி அம்மாவின் கையை நசுக்கிக்கொண்டிருந்தார். மாமா தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். அதைக் கேட்டுச் சித்தி இன்னும் சத்தமாக அழுதார். இரண்டு வளைவு தாண்டியதும் வண்டி பஸ் மாதிரி உறுமத் தொடங்கியது, படுதாவுக்குள் பெட்ரோல் புகை நாறியது. எனக்கு ஒரே பெருமை. முறுக்கிய வண்டி அல்லவா!

கொஞ்ச நேரத்தில் சித்தியின் முனகல் அடங்கியது.

"வலி கொறஞ்சுருச்சாட்ட இருக்குது" என்றார் அம்மா. நாக்கு குழறியது. பிறகு அவரும் சித்தியின் தோளில் சாய்ந்துகொண்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அதிசயம் நடந்தது: மாமா பேச்சை நிறுத்தினார். வாய் பாதி திறந்திருந்தது, கருத்து வரவில்லை. எனக்கு நெற்றிப் பொட்டு வலித்தது, ஆனாலும் சுகமாக இருந்தது. இப்படி அமைதியான பயணம் எங்கள் குடும்பத்துக்கு வாய்த்ததே இல்லை.

"மாப்ள, என்னாச்சு, சத்தத்தையே காணம்?" முன்னாலிருந்து அப்பா கேட்டார். "மாப்ள! ஏய், மாப்ள!"

பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். வாயைத் திறப்பது பெரிய வேலையாகத் தெரிந்தது.

வண்டி நின்ற வேகத்தில் நான் இலைச் சாக்குகள் மேல் விழுந்தேன். அப்பா படுதாக் கயிறுகளை அறுத்து எறிந்தார். சித்தியின் கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தார். கொழுந்தியாளிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாத மனிதர். சித்தி கண் திறக்கவில்லை. அம்மாவை இழுத்து உட்காரவைத்தார், மாமாவை ரோட்டில் தள்ளினார். மாமா அங்கேயே வாந்தி எடுத்தார். மழை எங்கள் எல்லோர் மேலும் கொட்டியது. பற்கள் அடித்துக்கொண்டன. மறுபடி அறைந்தார். "கண்ணு, முழிச்சுக்க அம்முணி, முழிச்சுக்க" என்று அவர் குரல் உடைந்தது. சித்தி இருமினார். பிறகு அலறினார். அந்த அலறலைக் கேட்டு அப்பா அழுதுவிட்டார்.

நனைந்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து, கழன்றிருந்த நட்டை முறுக்கிவிட்டு வந்தார். எழுந்ததும் என்னை ஒருமுறை பார்த்தார். படுதாவை மட்டும் இறக்கவே விடவில்லை.

"அதுக்குத்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், வெல்டிங் வெயுங்கன்னு" என்றார் மாமா, தலையைப் பிடித்துக்கொண்டே.

"ஆமா மாப்ள. நீ சொன்னதுதான் செரி. கிளாம்ப நம்பீருக்கக் கூடாது."

அப்பா இவ்வளவு சுலபமாகத் தோற்றுப்போனது எனக்கு அவமானமாக இருந்தது.

குன்னூர் போய்ச் சேர்ந்தபோது சித்தியின் புடவையிலிருந்து தண்ணீர் ஓடியது. நர்சம்மா எங்களைத் திட்டித் தீர்த்தார். தாயும் பிள்ளையும் தேறுமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கதவைச் சாத்தினார். அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு குழந்தை, மாமாவைப் போலவே யாருக்கும் இடம் கொடுக்காமல் கத்தத் தொடங்கியது. சித்தியும் நன்றாக இருக்கிறார் என்று நர்சம்மா வந்து சொன்னார். அப்பா சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் நடுங்கிக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மனதில் கோபம் இருந்தது.

"எல்லாரும் நல்லாத்தான தூங்கிட்டு வந்தாங்க? படுதாவத் தொறந்து எதுக்குங்கப்பா இப்படி நனைச்சுட்டீங்க?"

"நனைஞ்சா காஞ்சுரும்டா."