முதல் பீரியடில் கணக்கு

மேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வகுப்பில் காட்டித் திரும்ப வாங்கிய மறுநாள் காலையிலேயே, ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா டி.சி. வாங்க வந்து நின்றார். அவள் கணக்கில் பெயில்.

"பொம்பளப்பிள்ளைக்கு இம்புட்டுப் படிச்சது போதும் டீச்சரம்மா. அவ மாமன் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக," என்றார். அவள் தூணோரம் நின்று தாவணி முனையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி எங்கள் தலைமையாசிரியை மேல். அந்த அம்மாள் அவரை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க கிளாஸ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க," என்று என்னிடம் சாவகாசமாகச் சொன்னார். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டக் கிளம்பிய கதைதான்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து அவர் நிறுத்தவில்லை. எந்தக் கேள்வியில் யார் சறுக்கினார்கள் என்று பார்த்துப் பார்த்து மேசையில் பிரித்து அடுக்கினார்.

"பெயிலானவங்க எல்லாருமே காலாண்டுக்கு முந்தின பாடத்தைச் சரியாப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் நடத்தினதுதான் ஒண்ணும் தெரியல. ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். கணக்கு எப்போதும் முதல் பீரியட். காலையில் மூளை தெளிவாக இருக்குமாம். காலாண்டு முடிந்ததும் இந்த அம்மாள் ஓர் உத்தரவு போட்டார். பிரேயருக்குப் பிந்தி வருகிறவர்கள் முதல் பீரியட் முடியும்வரை வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். வேண்டாம் என்று அப்போதே சொல்லிப் பார்த்தேன். 'டிசிப்ளின்' என்ற ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். மறுபடி சொல்லப் பயமாக இருந்தது. என் வேலையோ டெம்பரரி. ஆனால் வெளியே அந்த மனுஷர் காத்திருந்தார்.

"இவங்க எல்லாரும் கிராமத்துலருந்து பஸ்ல வர்றவங்கம்மா. நீங்க மரத்தடியில நிக்க வைக்கிற பிள்ளைங்க."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தாள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"தப்பு உங்க பொண்ணு மேல இல்லைங்க. பஸ் லேட்டா வந்ததுக்கு நான்தான் இவளை வெளிய நிக்க வச்சேன். தினமும் கணக்குப் பாடம் போயிருச்சு. நாளையிலருந்து கணக்கை மதியத்துக்கு மாத்துறேன். விட்ட பாடத்தை டீச்சர் திருப்பி நடத்துவாங்க. முழுப்பரீட்சை வரைக்கும் பொறுங்க."

என்னை ஒரு வார்த்தை கேட்காமலே என் தலையில் வேலையைக் கட்டினார். வேறொரு நாளாக இருந்தால் முணுமுணுத்திருப்பேன். அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்பா மகளைப் பார்த்தார். "தெனமுமா வெளிய நின்ன? வீட்டுல ஒரு வார்த்த சொல்லலையே?"

அவள் நிமிரவில்லை. "சொன்னா அன்னைக்கே நிறுத்தியிருப்பீகப்பா."

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு தலைமையாசிரியையிடம் கேட்டார்:

"முழுப்பரீச்ச எந்த மாசம் டீச்சரம்மா?"