துரையின் காருக்கு வந்த ரேடியேட்டர்

மலாயாவில் செலண்டாருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவராக இருந்தேன். ரப்பர் விலை விழுந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி காலியாகிக் கிடந்த காலம். அப்போதும் துரை தன் ஸ்போர்ட்ஸ் காரை விடவில்லை. இரண்டே பேர் உட்காரலாம். நீண்ட மூக்கு, துணிக்கூரை, கரும்பச்சை நிறம். லீவில் சீமைக்குப் போனவர் திரும்பும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்தது. மலாக்கா போகும்போது அவரே ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன். கழுவுவது, எண்ணெய் விடுவது, பழுது பார்ப்பது எல்லாம் என் வேலை.

அதன் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் அதற்குள்தான் சுற்றிவரும். முன்பக்கம் பார்க்கத் தேன்கூடு போல இருக்கும். ஒரு கண்ணை ஈயம் வைத்து அடைத்தால் அடுத்த நாள் இன்னொரு கண் ஒழுகும். ஒழுக்கை அடைக்கத் தண்ணீரில் கடுகு மாவைப் போடச் சொன்னார் துரை. போட்டேன். நான் என் யோசனையாக மரவள்ளி மாவைக் கரைத்து ஊற்றினேன். இரண்டும் உள்ளே கெட்டியாகி ஒட்டிக்கொண்டனவே தவிர ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் சீமைக்கு எழுதிப் போட்டார். மாதங்கள் கழித்து வைக்கோல் திணித்த மரப்பெட்டி ஒன்று வந்தது.

பெட்டி வந்த மறுநாள் பக்கத்துத் தோட்டத் துரையோடு அவர் காரில் எங்கள் துரை சிங்கப்பூர் கிளம்பினார். நான்கு நாளில் வந்துவிடுவதாகவும், அதற்குள் மாற்றி வைக்கும்படியும் சொன்னார். காலையில் வேலையைத் தொடங்கினேன். பழைய ரேடியேட்டர் லேசில் வரவில்லை. கடப்பாரையால் நெம்பியதில் அடித்தொட்டி பிளந்து தனியாகக் கழன்று விழுந்தது. போகட்டும், புதிதுதான் இருக்கிறதே என்று நினைத்தேன். பெட்டியைப் பிரித்துப் புதியதைத் தூக்கி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது வேறு மாதிரிக் காருக்கு உரியது. எஞ்சினில் கீழ்க்குழாய் வலப்பக்கம்; இதிலோ இடப்பக்கம். போல்ட் துளைகளும் ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தன. அதைத் தரையில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் தங்கையின் புருஷன் ஓடிவந்தான். தங்கைக்கு விடிகாலையிலிருந்து வலி. அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளையின் கை முதலில் வெளியே வந்துவிட்டதாகவும், இனி இங்கே ஒன்றும் செய்ய முடியாது, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு லாரி காலையிலேயே மலாக்கா போய்விட்டது. அது திரும்பப் பொழுது சாயும். செலண்டாரில் இருந்த ஒரே வாடகைக் காரைக் கூட்டிவரச் சைக்கிளில் ஆள் போய், அது யாரையோ ஏற்றிக்கொண்டு ஜாசினுக்குப் போய்விட்டது என்ற செய்தியோடு திரும்பிவிட்டான்.

“மச்சான், இந்தக் காடிய எப்படியாச்சும் கிளப்புங்க,” என்றான்.

காரின் மூக்கு திறந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான்.

பழையதைத் திரும்ப மாட்ட முடியாது. புதியதைத்தான் எப்படியாவது இணைக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து ஒரு பித்தளைக் குழாய்த் துண்டு கிடைத்தது. அதை எஞ்சினோடு சேர்க்க வளைந்துகொடுக்கும் ரப்பர் குழாய் வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம். ஒரு சாண் ரப்பர் குழாய் இல்லை. யாரோ சைக்கிள் டியூபைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதை நான்கு மடிப்பாகச் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். ரேடியேட்டரைக் கயிற்றால் கட்டினேன். ரப்பர் பால் வெட்டு முடிந்து வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

தங்கையைச் சாக்குக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். அந்தக் காரில் படுக்க இடமில்லை. தலையணை கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். அவள் புருஷன் வெளியே படியில் குந்தி, ஒரு கையால் கதவையும் மறு கையால் அவளையும் பிடித்துக்கொண்டான். தண்ணீர் நிரப்பிய மண்ணெண்ணெய் டின் ஒன்றை என் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மைல் வரை ஓடியது. வேகமாகப் போனால் குலுக்கலில் அவள் முனகினாள். மெதுவாகப் போனால் எஞ்சின் கொதித்தது. நான்காவது மைலில் ஆவி எழும்பிக் கண்ணாடியை மறைத்தது. நிறுத்தி மூக்கைத் திறந்தேன். சூட்டில் டியூப் தவளைத் தொண்டை போல உப்பியிருந்தது.

“அண்ணே, காடி நின்னுருச்சா?”

“இல்லம்மா. தண்ணி ஊத்துறேன். இந்தா போயிரலாம்.”

பக்கத்தில் ஒரு மலாய்க்காரர் வீடு. அவர் எதுவும் கேட்காமல் கிணற்றிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்தார். அவர் மனைவி காரை எட்டிப் பார்த்ததும் முகம் மாறி, உள்ளே போய் ஒரு சாரோங் துணியை எடுத்துவந்து தங்கையின் மேல் போர்த்தினாள். கம்பியை இன்னும் இறுக்கிவிட்டு மறுபடி கிளப்பினேன். அரை மைல்கூடப் போகவில்லை. டியூப் வெடித்து, இருந்த தண்ணீர் முழுதும் சாலையில் கொட்டியது. பிடித்து அடைக்கப் போனேன். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின.

அதற்குமேல் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. வெயில் உச்சியில் நின்றது. தங்கை பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் புருஷன் சாலையின் இரு பக்கமும் மாறிமாறி ஓடிப் பார்த்தான். நான் காரின் முன்னால் நின்று கைகளை ஊதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சாமியைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிரே எங்கள் தோட்டத்து லாரி வந்தது. அன்றைக்கென்று வேலை சீக்கிரம் முடிந்து திரும்பியிருந்தது. டிரைவர் அங்கேயே வண்டியைத் திருப்பினார். காலிச் சாக்குகளைப் பரப்பி அவளைக் கிடத்தினோம். அவள் புருஷனும் ஏறிக்கொண்டான்.

“நீயும் ஏறுப்பா,” என்றார் லாரி டிரைவர்.

நான் காரைப் பார்த்தேன். துரையின் கார் நடுச்சாலையில் திறந்து கிடக்கிறது. யாராவது எதையாவது கழற்றிக்கொண்டால் நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன்.

“நீங்க போங்க. நான் காடிய பாத்துக்கிறேன்,” என்றேன்.

லாரி போய்விட்டது. மலாய்க்காரர் வந்து என் கைகளில் தேங்காய் எண்ணெய் தடவினார். பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார். பிறகு தன் மாட்டு வண்டியைப் பூட்டிக் காரைத் தோட்டம் வரை இழுத்து வந்தார்.

தங்கை பிழைத்தாள். பிள்ளை இல்லை. பெண் பிள்ளை என்று மறுநாள் அவள் புருஷன் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, “உங்க மேல தப்பில்ல மச்சான்,” என்றான். நான் கேட்காமலே அவன் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

துரை திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, எஞ்சினில் விரிசல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். தவறான சாமானைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சரியானதற்கு எழுதினார். தங்கைக்குப் வழக்கமாகக் கொடுப்பதைவிட அதிகமாக, இரண்டு மாதம் பால் வெட்டாமல் இருக்க அனுமதி கொடுத்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன்.

சரியான ரேடியேட்டர் வந்தபோது என் கைகள் ஆறியிருந்தன. இரண்டு மணி நேரத்தில் மாட்டிவிட்டேன். அந்த வாரமே துரையோடு மலாக்கா போனேன். கார் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

தங்கை அந்த நாளைப்பற்றி வெகுநாள் பேசவில்லை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“லாரியில நீ ஏண்ணே வரல?”

கை வெந்திருந்தது என்றேன். சரி என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள்.

இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி உண்டானபோது, மாதம் நிறைவதற்கு முன்பே பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு அருகே தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டாள். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் புருஷன் வந்து அந்தச் செய்தியைச் சொன்னான். போய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்றான்.